ஷேக்ஸ்பியர் கட்டிய வீடா? கப்பல் மரமா?

கூரை வேய்ந்த ஆங்கிலேயப் பண்ணைவீடு ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'ஷேக்ஸ்பியர் தம் மனைவிக்காக உடைந்த கப்பலின் மரத்தில் கட்டிய குடிசை' என்கிறது குறிப்பு. படம் உண்மை, குறிப்பு தவறு.

அது ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரியில் உள்ள, அவர் மனைவி ஆன் ஹாத்வேயின் பிறந்த வீடு. அதன் பழைய பகுதி 1460களைச் சேர்ந்தது. ஷேக்ஸ்பியர் பிறந்ததோ 1564இல்! ஹாத்வே குடும்பம் அங்கே குத்தகைக்கு இருந்தது. 1610இல் ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ அதை விலைக்கு வாங்கினார். பன்னிரண்டு அறைகள் கொண்ட வீட்டைக் குடிசை என்பதும் வேடிக்கைதான்.

கப்பல் கதை இங்கிலாந்தின் பழைய மரவீடுகள் பலவற்றுக்கும் சொல்லப்படுவது. வளைந்த உத்தரங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் தச்சர்கள் இயல்பாகவே வளைந்த ஓக் மரத்தை நெடுக்காகப் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் இணைத்தார்கள். சுவரையும் கூரையையும் தாங்குவது அந்த இணைதான். பச்சை மரத்தையே இழைத்ததால், காயக் காய இன்னும் கோணியது. உத்தரத்தில் வெறுமையான பொருத்துத் துளைகள் தெரிந்தால், அது வேறொரு கட்டடத்திலிருந்து வந்த மரமாக இருக்கலாம்.

வீட்டை 1892 முதல் பராமரிக்கும் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளையின் இணையதளத்திலும், ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற மரபுக் காப்பு அமைப்பின் மரபுக் கட்டடப் பட்டியலிலும் சரிபார்க்கலாம். அந்தக் குறிப்பை மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைத் தெரிவியுங்கள்.