ஜெயித்தது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள்

இரண்டு கிட்டார் கலைஞர்கள் ரசிகர்கள் முன்னிலையில் அருகருகே உட்கார்ந்து வாசித்த ஒலிப்பதிவு ஒன்றை நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். பதினோரு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்த உருப்படி முடிந்து, கைதட்டலும் ஓய்ந்து, நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தபோது, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, இதில் ஜெயித்தது யார் என்பதுதான். ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டார் என்று அன்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு இந்த வகை ஆல்பங்களைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் கருத்துகளையும், எழுதும் விமர்சனங்களையும், அள்ளி வீசும் நட்சத்திரங்களையும் தொடர்ந்து கவனித்து வந்ததில், நண்பர் தனிமனிதர் இல்லை, ஒரு பெருங்கூட்டத்தின் பிரதிநிதி என்பது விளங்கிவிட்டது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

நான் போட்டுக் காட்டியது, 1980 டிசம்பர் 5ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் பதிவாகி 1981இல் வெளிவந்த ‘ஃபிரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ’ ஆல்பத்தின் முதல் உருப்படியான ‘மெடிட்டரேனியன் சன்டான்ஸ் / ரியோ ஆஞ்சோ’. அட்டையில் அல் டி மியோலா, ஜான் மெக்லாக்லின், பாகோ டி லூசியா என்று மூன்று கிட்டார் கலைஞர்களின் பெயர்கள் இருப்பதால் இதை மூவர் ஆல்பம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் ஐந்தில் முதல் மூன்றும் இருவர் இருவராக வாசித்தவை என்பதைச் சொல்பவர்கள் குறைவு. முதலாவதில் பாகோவும் டி மியோலாவும், இரண்டாவதில் மெக்லாக்லினும் டி மியோலாவும், மூன்றாவதில் மெக்லாக்லினும் பாகோவும் வாசிக்கிறார்கள். மூவரும் ஒன்றுசேர்வது நான்காவதில்தான். ஐந்தாவதோ மேடையிலேயே வாசித்தது இல்லை, ஸ்டூடியோவில் பதிவுசெய்து சேர்த்தது. அரங்கின் ஆரவாரம் கடைசி நொடி வரை அடங்கவே இல்லை என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், அவர் கடைசி வரை கேட்கவில்லை என்று தாராளமாக முடிவுகட்டலாம்.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். இருவர் சேர்ந்து வாசித்தால் அதில் ஒருவர் தோற்றே ஆகவேண்டும் என்கிற எண்ணம் இந்த ரசிகர்களின் தலைக்குள் எப்படிக் குடியேறியது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவர் வேகத்தை மற்றவர் வேகத்தோடு வைத்து அளக்கிறார்கள், இவர் அவரை விழுங்கிவிட்டார் என்கிறார்கள், அவர் இவருக்குப் பாடம் நடத்திவிட்டார் என்கிறார்கள். அளப்பதையாவது உருப்படியாக அளக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. பாகோ நைலான் தந்தியில், வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி வைத்து, விரல் நுனியாலும் நகத்தாலும் வாசிக்கிறார். டி மியோலா எஃகுத் தந்தியில், பிக் எனும் சிறு தகட்டால் வாசிக்கிறார். உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகளின் மேல் லேசாகச் சாய்த்து ஒலியை அமுக்கி, குண்டுமணிகளைத் தாம்பாளத்தில் கொட்டியதுபோல ஸ்வரங்களை உதிர்ப்பது அவருடைய கைமுத்திரை. இரண்டும் வேறு உடல் உழைப்பு, வேறு ஒலி, வேறு மரபு. நீந்துபவரையும் ஓடுபவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவதுபோல இருக்கிறது இந்த ஒப்பீடு. கேட்டால், இது ரசனை என்கிறார்கள்.

என் கோபம் அதோடு நிற்கவில்லை. ஒருவர் தனியாக எடுத்து வாசிக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள் முழுவதும் இன்னொருவர் மேடையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இத்தனை கருத்துகளில் ஒன்றாவது சொல்கிறதா? அங்கே தபேலா இல்லை, டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. தாளம், சுருதி, கீழ்த்தளம், அத்தனையும் பக்கத்தில் இருப்பவரின் ஆறு தந்திகளில்தான் நிற்கின்றன. அவர் ஒரு கணம் தடுமாறினால் மேலே பறந்துகொண்டிருப்பவர் இறங்குவதற்குத் தரை இருக்காது. இருவர் வாசிக்கும் ஆல்பம் என்றால், ஒவ்வொருவரும் ஏறக்குறைய பாதி நேரம் பக்கவாத்தியக்காரராகத்தான் இருக்கிறார். அந்தப் பாதியைக் காதில் வாங்காமலேயே ஆல்பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். விடைத்தாளில் ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டு மறுபக்கத்தைப் புரட்டாமல் விடும் ஆசிரியரை நாம் சும்மா விடுவோமா?

நான் ஒரு காரியம் செய்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. அந்த முதல் உருப்படியில் பாகோவின் கிட்டார் இடப்பக்கமும் டி மியோலாவின் கிட்டார் வலப்பக்கமும் வைக்கப்பட்டிருக்கின்றன. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனின் வலப்பக்கக் குமிழைக் காதிலிருந்து நகர்த்தி, இடப்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, டி மியோலா தனியாக வாசிக்கும் இடங்களைக் கேட்டேன். எல்லோரும் வாய் பிளக்கும் வாசிப்பு ஒதுங்கிப்போய், அதன் அடியில் இத்தனை நாள் கிடந்தது வெளியே வந்தது. ரும்பா என்கிற தாளத்தின் நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வலக்கை. நகங்கள் தந்திகளின் மேல் விசிறிபோல விரிந்து மடங்கும் சரசரப்பு. அடியை வேண்டுமென்றே ஒரு இடத்தில் விட்டுவிட்டு அடுத்த இடத்தில் இரட்டிப்பாக வைக்கும் குறும்பு. மேலே இருப்பவர் உயரத்துக்கு ஏற ஏற, கூடவே ஏறாமல் கீழே நின்று அழுத்தத்தை மட்டும் கூட்டிக்கொடுக்கும் பொறுமை. அன்று இரவு நான்கு முறை கேட்டேன். பிறகு இடப்பக்கத்தை நகர்த்தி வலப்பக்கத்தை வைத்துக்கொண்டு, டி மியோலா எப்படிப் பக்கம் வாசிக்கிறார் என்று கேட்டேன். அவருடைய ஸ்ட்ரம்மிங், அதாவது தந்திகளை ஒருசேர வருடி அடிப்பது, பாகோவுடையதைவிடக் கொஞ்சம் இறுக்கமானது, கொஞ்சம் விறைப்பானதும்கூட என்று எனக்குப் பட்டது. விமர்சனம் என்று எழுதுவதானால் இதைப் பற்றியல்லவா எழுத வேண்டும்? ஆனால் நமக்கு வேண்டியதெல்லாம் யார் யாரை விழுங்கினார் என்கிற செய்திதான்.

இந்தக் கூட்டத்துக்கு நேர் எதிரே இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் கண்களைப் பாதி மூடிக்கொண்டு, திறமை இருக்கிறது, ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள். ஸ்வரங்கள் அதிகமாம். எதற்கு அதிகம், எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்டால் பதில் வராது. வயலின்காரருக்கு வில் இருக்கிறது, குழல்காரருக்கு மூச்சு இருக்கிறது. ஒரு ஸ்வரத்தை எடுத்து, நீட்டி, நடுவில் பெருக்கி, விரும்பிய இடத்தில் முடிக்க அவர்களால் முடியும். மின்சாரத்தின் தயவில்லாத கிட்டாரில் தந்தியை விட்ட கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். நைலான் தந்தியில் அது இன்னும் சீக்கிரம் தேய்ந்துபோகும். நீளமான ஒரு வாக்கியத்தை அந்த வாத்தியத்தில் சொல்ல வேண்டுமானால், ஒரு ஸ்வரம் அணைவதற்குள் அடுத்ததைக் கொளுத்திக்கொண்டே போக வேண்டும். அந்த அடர்த்தியில் ஒரு பகுதி வீண் ஜம்பம்தான், நான் மறுக்கவில்லை. மூவரும் சேரும் நான்காவது உருப்படியில் எனக்கே சில இடங்களில், போதும் ஐயா, கொஞ்சம் மூச்சு விடுங்கள் என்று சொல்லத் தோன்றியிருக்கிறது. ஆனால் எது ஜம்பம், எது வாத்தியத்தின் தேவை என்று பிரித்துப் பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல், ஆன்மா என்கிற ஒரே சொல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சோம்பேறித்தனம்.

மூன்றாவதாக வருபவர்கள், நானும் கிட்டார் வாசிப்பவன்தான் என்று தொடங்குபவர்கள். இவர்கள் ஆல்பத்தைக் கேட்பதில்லை, தணிக்கை செய்கிறார்கள். இங்கே தந்தி இரைந்தது, அங்கே ஒரு ஸ்வரம் விழுங்கப்பட்டது, ஸ்டூடியோவில் பதிவானதில் இந்தப் பிசிறு இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார்கள். பாகோவின் மரபான ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையின் கிட்டாரில் தந்திகள் விரல்பலகைக்கு மிக அருகில் தாழ்த்திக் கட்டப்படுகின்றன; பலமாக அடிக்கும்போது அவை லேசாக இரையத்தான் செய்யும், அந்த முரட்டு ஓசை அந்த மரபின் குரலிலேயே சேர்ந்தது. இது தெரியாமல், அல்லது தெரிந்தும், குறை என்று எழுதுகிறார்கள். இவர்களிலேயே சிலர், ஸ்டூடியோ வடிவம் ஐந்து நிமிடத்தில் கச்சிதமாக முடிந்தது, இங்கே பதினோரு நிமிடத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்வதும் உண்டு. 1977இல் டி மியோலாவின் ஆல்பம் ஒன்றில் இதே இருவரும் வாசித்த ‘மெடிட்டரேனியன் சன்டான்ஸ்’ ஐந்து நிமிடத்துச் சொச்சம்தான். மேடையில் அதோடு பாகோவின் ‘ரியோ ஆஞ்சோ’வையும் பிணைத்து வாசித்தார்கள் என்பது ஆல்பத்தின் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கவுமா நான் வந்து உதவ வேண்டும்?

கேட்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீரியோவில் இடமும் வலமுமாகப் பிரித்து வைத்த இரண்டு கிட்டார்களை, கைபேசியின் ஒற்றைத் துளை வழியாகக் கேட்டுவிட்டு, எல்லாம் ஒரே குழப்பமாக இருக்கிறது என்று எழுதுவது என்ன நியாயம்? இரண்டும் ஒரே ஸ்தாயியில் ஒலிக்கும் ஒரே இன வாத்தியங்கள். எது எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் காது பெருமளவுக்கு அவற்றைப் பிரித்து அறிகிறது. இரு பக்கங்களையும் ஒன்றாகக் குழைத்து ஊற்றிவிட்டால் குழப்பம் வராமல் வேறென்ன வரும்? குழப்பம் ஆல்பத்தில் இல்லை, உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

கைதட்டலை வெட்டி எடுத்திருக்கலாம் என்பவர்களையும், வாங்கிய தட்டின் உறை கசங்கி வந்ததற்காக இசைக்கு ஒற்றை நட்சத்திரம் போடுபவர்களையும் நான் வாதத்துக்கே எடுத்துக்கொள்ளவில்லை. முன்னவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே ஆல்பத்தின் இரண்டாவது உருப்படியில், உக்கிரமான வாசிப்புக்கு நடுவே இருவரும் ‘பிங்க் பேந்தர்’ என்கிற நகைச்சுவைப் படத்தின் மெட்டை எடுத்து விடுகிறார்கள், அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டால் விகடத்தைச் சொல்லிவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் அல்லவா ஆகிவிடும்?

வேகமும் ஆர்ப்பாட்டமும் இல்லாத ஆல்பமாக இருந்தால் இவர்கள் ஒழுங்காகக் கேட்பார்களோ என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது. ஜூலியன் பிரீமும் ஜான் வில்லியம்ஸும் 1978இல் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் சேர்ந்து வாசித்த கச்சேரிகளின் பதிவு இருக்கிறது. இருவரும் நைலான் தந்தி, இருவரும் விரல், இருவரும் ஒரே செவ்வியல் மரபு. பந்தயம் கட்ட வழியே இல்லை. உடனே புகார் தலைகீழாகிவிட்டது. எது யார் வாசிப்பது என்றே தெரியவில்லையாம், அதனால் சலிப்பாக இருக்கிறதாம். தெரியாமல் என்ன? பிரீம் வலக்கையை ஓயாமல் இடம் மாற்றுபவர்; தந்தி கட்டிய பாலத்தருகே வாசித்து உலோகம்போலக் கூர்மையாக்குவார், அடுத்த வரியிலேயே ஒலித்துளையைத் தாண்டி வந்து தேன்போலக் குழைத்துவிடுவார். வில்லியம்ஸ் சமதளம், எந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவில், கழுவித் துடைத்ததுபோல வந்து விழும். ஒரு சொற்றொடரை ஒருவர் தொடங்கி மற்றவர் முடிக்கும்போது, நடுவில் நிறம் மாறுவது பட்டுச்சேலையின் உடலும் முந்தானையும் சேரும் இடத்தைப்போலத் தெரியும். இதைக் கேட்க முப்பது வருடச் சங்கீத ஞானம் தேவையில்லை. ஒரு மணி நேரம் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். ஆனால் கருத்தை மட்டும் கேட்காமலே தந்துவிடுகிறார்கள்.

இவ்வளவையும் அந்த நண்பரிடம், குரலை உயர்த்தாமல், பொறுமையாகவே விளக்கினேன். நல்ல ஹெட்போன் ஒன்றை இரவலும் கொடுத்து, வலப்பக்கத்தை நகர்த்திவிட்டு இடப்பக்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், டி மியோலா தனியாக வாசிக்கும் இடத்தில் மற்றவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள் என்று கைகூப்பாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. சொன்னபடியே கேட்டாராம், ஹெட்போன் மிக அருமையாம், ஆனால் இடப்பக்கத்துக்காரர் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா தாளம் தட்டிக்கொண்டிருக்கிறாராம். ஆகவே ஜெயித்தது வலப்பக்கம்தான் என்பது இப்போது தமக்கு உறுதியாகிவிட்டதாம். பதில் எழுத உட்கார்ந்து, நான்கு முறை எழுதி, நான்கு முறையும் அழித்துவிட்டு, ஹெட்போனை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.