உள்ளே வைக்கும் நாடா எது என்று கேளுங்கள்

இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்பதை, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெண்கள் வருடக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. கோயம்புத்தூர் பஸ் ஏறப் பயந்து கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டவர்கள் உண்டு. கடைசியில் டாக்டரிடம் போனால், "சின்ன ஆபரேஷன்தான், ஒரு நாடா வைப்போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

என் அத்தைக்கு அப்படித்தான் நடந்தது. சம்மதப் படிவம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். நர்ஸ் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். உள்ளே என்ன வைக்கப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

பெரும்பாலும் அந்த நாடா பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன வலை. ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் உல்ம்ஸ்டன் 1996-இல் வெளியிட்ட முறை. சிறுநீர் வெளியேறும் குழாயின் அடியில் இழுத்துக் கட்டாமல் தாங்கலாக வைப்பார்கள். நிறையப் பேருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அது ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும். சிலருக்குப் பிறப்புறுப்பின் சுவரை அரித்து வெளியே வரும், தீராத வலி தரும். வலையின் துளைகளுக்குள் சதை வளர்ந்துவிடுவதால் முழுசாக எடுப்பது கஷ்டம். இங்கிலாந்து 2018 ஜூலையில் இதை நிறுத்தி வைத்தது அதனால்தான். அமெரிக்கா 2019-இல் விற்பனையைத் தடுத்தது கர்ப்பப்பை, மூத்திரப்பை இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. கசிவுக்கான நாடாவை அல்ல. இரண்டையும் குழப்பிப் பயப்பட வேண்டாம்.

நம் வயிற்றுத் தசையுறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்தும் வைக்கலாம். கூடுதலாக ஒரு காயம், ஆபரேஷன் நேரமும் அதிகம், சிலருக்குப் பிறகு சிறுநீர் கழிக்கச் சிரமம். ஆனால் அந்நியப் பொருள் இல்லை. பன்றித்தோல், மாட்டின் இதய உறை, இறந்தவர் தசையுறை ஆகியவற்றிலிருந்து பதப்படுத்தியவையும் உண்டு. எங்கள் ஊர் ராவுத்தர் வீட்டு அக்காவுக்கும் சுத்த சைவக் குடும்பத்துப் பெரியம்மாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

இதற்கெல்லாம் முன்னால் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை (சிறுநீரை அடக்குவது போல் அடித்தசையை இறுக்கித் தளர்த்துவது) குறைந்தது 3 மாதம் முறையாகச் செய்து பாருங்கள்.

அப்புறம் ஒன்று. நாடா வரும் பாக்கெட்டில் நாடாவின் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதில் ஒன்றை உங்கள் ஃபைலிலும் ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வலி வந்தால், வேறு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.