கச்சதீவுக்குப் போன கம்பளி

(இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல். ராக்கம்மா கம்பளியை உதறுகிறாள், மணல் கொட்டுகிறது. செல்லம்மா கையில் தேத்தண்ணீர்க் கோப்பை.)

செல்லம்மா: கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ஏனக்கா கம்பளி? வெயில் கொளுத்தும் இடமாயிற்றே!

ராக்கம்மா: அவ்வளவு தண்ணீர் இருந்தால் குளிராதா என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில் படகேறியதும் வேர்த்து ஊற்றியது. அப்புறம் வாந்தி. நான் போட்ட கூப்பாட்டில், கோயிலை அடையும் முன்பே அந்தோனியாருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

செல்லம்மா: நம் முனியாண்டி கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ராக்கம்மா: சொல்லிவிட்டுத்தான் போனேன். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பது அந்தோனியார் வேலையாம். முனியாண்டிக்குக் காவல் வேலையே சரியாக இருக்கிறது.

செல்லம்மா: தீவு பெரிதா?

ராக்கம்மா: 285 ஏக்கர். ஒரு தேயிலைச் செடி கிடையாது, குடியிருக்க ஆள் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. தோட்டத்தை நடத்தும் துரையும் கிடையாது என்று சந்தோஷப்பட்டேன். கரையில் கடற்படைக்காரர்கள் வரிசையில் நிறுத்திப் பேர் பதிந்தார்கள். காலையில் பேர் பதிந்து வேலைக்கு அனுப்பும் நம் பெரட்டுக்களம் எனக்கு முன்பே போய்விட்டதடி!

செல்லம்மா: கோயில்?

ராக்கம்மா: 2016இல் திறந்த புதுக் கோயில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது பழையதுதான். நூறு வருடத்துக்கு முன்பு தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கட்டியது. வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிறோமே, நம் பிள்ளைக்காம்பரா, அந்த அளவு வரும். உப்புக்காற்று அரித்த சுவர். விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது. திருநீறு மாதிரி நெற்றியில் பூசிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செல்லம்மா: அதெல்லாம் இருக்கட்டும். உங்கள் அக்கா வந்தாரா?

ராக்கம்மா: வந்தாள். 1964 ஒப்பந்தம் என்று சொல்லித் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்களே, அதே அக்கா. ராமேஸ்வரத்துப் படகில் வந்தாள். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. அன்றைக்கு அனுப்புவதற்கு எத்தனை காகிதம் எழுதினார்கள்!

செல்லம்மா: அடையாளம் தெரிந்ததா?

ராக்கம்மா: தெரியாமலா? அத்தனை பேரும் மெழுகுவர்த்தியோடு இறங்கினார்கள். இவள் ஒருத்திதான் கம்பளியோடு இறங்கினாள்.

செல்லம்மா: கட்டிப்பிடித்து அழுதீர்களா?

ராக்கம்மா: ஆரம்பித்தோம். அதற்குள், "உனக்கென்றே கொண்டுவந்தேன்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாள். நீலகிரித் தேயிலை! அங்கேயும் கொழுந்துதான் எடுத்தாளாம். நானும் என் பையிலிருந்து ஒரு கிலோ தேயிலையை எடுத்தேன். அழுகை நின்றுவிட்டது. யார் தேயிலை உசத்தி என்று சண்டை. ஊற்றிக் குடித்துத் தீர்க்கலாமென்றால் அடுப்பில்லை.

செல்லம்மா: (கோப்பைக்குள் பார்த்தபடி) அக்கா, இது...?

ராக்கம்மா: அவளுடையது.

செல்லம்மா: நம்முடையதைவிட நன்றாகத்தான்...

ராக்கம்மா: மெதுவாகப் பேசடி, கணக்கப்பிள்ளை வருகிறார்.