ரத்தான கொண்டோவும் மச்சானின் கலண்டரும்

2018 கோடையில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது, ரொறன்ரோவில் கட்ட முன்னரே நாங்கள் வாங்கிய கொண்டோவின், அதாவது அடுக்குமாடி வீட்டின், பில்டரிடமிருந்து. இரண்டே பந்தி. தவிர்க்க முடியாத காரணங்களால் கட்டடம் கட்டப்படாது, டிப்பொசிட் திருப்பித் தரப்படும், அவ்வளவுதான். சமையலறையில் நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். மனைவி வேலையால் வந்ததும் கடிதத்தை நீட்டினேன். "அப்ப காசு திரும்ப வருமோ?" என்று கேட்டாள். வரும் என்றேன். "பிறகென்ன" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

காசு வந்தது, ஒரு சதமும் குறையாமல். அதனால்தான் நாங்கள் இழந்ததை ஆருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

2016இல் வாங்கியது எட்டோபிக்கோப் பக்கம். விலை 365,000 டொலர். விற்பனை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னக் கட்டடம், யன்னல்களுக்குள் குட்டி லைட்டுகள். வாசல்வரை வரிசை. எங்களுடைய ஏஜென்ட் எங்கட ஆள்தான், ஸ்காபரோவில் பாதிச் சனத்துக்கு வீடு வாங்கிக் கொடுத்தவர். "அண்ணை, இண்டைக்கு விட்டா நாளைக்கு இருபதாயிரம் கூட" என்று காதுக்குள் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நேரம் விலை அப்படித்தான் ஏறியது. கையெழுத்துப் போடும்போது 5,000, அப்புறம் ஒரு வருடத்துக்குள் மொத்தம் 15 வீதம் வரும்படி திகதி போட்ட காசோலைகள். பாதி, மனைவி சீட்டு எடுத்த காசு. மற்றது வீட்டை வைத்து எடுத்த கடன். டென் என்று பிளானில் போட்டிருந்த மூலையில் கட்டில் போட்டால் கதவு பூட்டாது. அதையும் அறை என்று எண்ணி, மகளுக்கு என்று வைத்திருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து அந்த 54,750 டொலர் கைக்கு வந்தபோது, அதே அளவு கொண்டோ அதே பக்கத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். சட்டப்படி டிப்பொசிட்டுக்கு வட்டி உண்டு, ஆனால் கணக்கு எப்படியென்றால், மத்திய வங்கி வீதத்தில் 2 வீதம் கழிக்க வேண்டும். 2016இல் அந்த வீதமே ஒன்றுக்குக் கீழே. கழித்தால் என்ன மிஞ்சும்? அதே நேரம் எங்கள் கடனுக்கு மாதாமாதம் வட்டி போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடம் நாங்கள் மட்டுமில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே வோனில் சப்வே வந்த கையோடு கொஸ்மொஸ் என்ற மூன்று கோபுரத் திட்டம் கைவிடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சரியான நிதி கிடைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அதே ஊரில் ஐகோனாவும் போனது. அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒப்பந்தம் போட்டபிறகு இப்படிக் கைவிட முடியுமா?

முடியும். நாங்கள் கையெழுத்திட்ட கட்டுக்குள்ளேயே அது எழுதியிருந்தது. டாரியன் பின்னிணைப்பு என்று சில பக்கங்கள் வரும். டாரியன் என்பது ஒன்ராறியோவில் புது வீடுகளுக்கு உத்தரவாதம் கொடுக்கும் அமைப்பு. எந்தெந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் பில்டர் விலகலாம் என்று அதில் ஒரு பட்டியல். இத்தனை வீதம் விற்காவிட்டால், கட்டுமானக் கடன் கிடைக்காவிட்டால், நகரசபை அனுமதி வராவிட்டால். பொதுவாக வங்கி 70 வீதமளவு விற்றுக் காட்டச் சொல்லும், அதற்குப் பிறகுதான் கடன். அதாவது நீங்கள் கையெழுத்திடும் நாளில் பில்டரிடம் நிலம் இருக்கலாம், படம் இருக்கும், கட்டுவதற்குக் காசு இருக்காது. உங்கள் கையெழுத்தைக் காட்டித்தான் அந்தக் காசைக் கேட்கப் போகிறார்.

நாங்கள் அதை 'வீடு வாங்கினோம்' என்கிறோம். என் கணக்கில் அது வாங்குவது இல்லை. நாலைந்து வருடத்துக்கு இந்த விலைக்கு வாங்கியே தீருவேன் என்று நாம் கட்டுப்படுகிறோம், அவர் கட்டினால் கட்டுவார். நமக்கு இருப்பது கையெழுத்திட்டபின் பத்து நாள். ஒன்ராறியோ கொண்டோமினியம் சட்டம் தருகிற அந்தப் பத்து நாளில் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். நான் அந்தப் பத்து நாளில் என்ன செய்தேன்? சொந்தக்காரர் எல்லாருக்கும் பிளானை வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

இனி மச்சானின் கதை. இது நேர்மாறு. மனைவியின் தம்பி 2021 கடைசியில் மிசிசாகாவில் ஒன்று வாங்கினான், 760,000 டொலர். அப்போது மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதம். 2023 யூலையில் அது 5 வீதம். இப்போது வட்டி இறங்கியிருந்தாலும், கொண்டோ விலையும் விழுந்துவிட்டது. மோர்ட்கேஜ் ஆள் போன மாதம் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கு அந்த வீட்டுக்கு வங்கி போடக்கூடிய மதிப்பு 570,000. அதில் 80 வீதம்தான் கடன், 456,000. மச்சான் ஏற்கனவே கட்டியது 20 வீதம், 152,000. துண்டு விழுவது இன்னொரு 152,000. கூட நில மாற்று வரி, லோயர் செலவு.

எடுக்காமல் விட்டால்? கட்டிய காசு போகும். அதோடு முடியாது. பில்டர் வேறு ஆளுக்குக் குறைத்து விற்றால் அந்த வித்தியாசத்துக்கும் இவன் மேல் வழக்குப் போடலாம். பில்டர் கைவிட்டபோது எனக்கு வந்தது இரண்டு பந்திக் கடிதம். இவன் கைவிட்டால் போவது வீடு வளவு.

அதனால் இப்போது அவன் பில்டர் கைவிட வேண்டும் என்று நேர்ந்திருக்கிறான். உண்மையாகத்தான். ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு 108 தேங்காய். 2018இல் நாங்கள் மண்ணள்ளித் தூற்றியது கட்டடம் ரத்தானதுக்கு, இவன் ரத்தாகவில்லையே என்று அழுகிறான். விலை ஏறினால் கைவிடுவதில் ஆருக்கு லாபம், விலை விழுந்தால் கட்டி முடிப்பதில் ஆருக்கு லாபம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் விடை ஒரே ஆள்.

இதை எழுதியதும் இன்பொக்ஸில் ஆராவது கேட்பார்கள், "அப்ப வாங்கவே கூடாதா?" இப்போது வாங்க ஆள் இல்லை என்பது வேறு கதை. ஆனால் வாங்குகிறீர்கள் என்றால், ஏஜென்ட் காட்டும் லோயரிடம் போகாதீர்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது பில்டர். அந்தப் பின்னிணைப்பில் விலகல் நிபந்தனைகள் இருக்கும் பக்கத்தை மட்டுமாவது, பத்து நாள் முடிவதற்குள், காசு கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பில்டருக்கு உரிமம் இருக்கிறதா, முன்பு எதையாவது கைவிட்டவரா என்று பில்டர்மாருக்கு உரிமம் கொடுக்கும் ஒன்ராறியோ அமைப்பான எச்.சி.ஆர்.ஏ.யின் இணையப் பட்டியலில் சும்மாவே பார்க்கலாம். கொண்டோ டிப்பொசிட்டை டிரஸ்டில், அதாவது பில்டர் தொடமுடியாத தனிக் கணக்கில், வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, காப்புறுதி எடுத்துவிட்டுப் பில்டர் அதைப் பாவிக்கவும் விடுகிறது. டாரியன் நேரே காப்பது 20,000 வரைதான். கடன் எடுத்து டிப்பொசிட் கட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மச்சானுக்கு இப்போது இருப்பது ஒரேயொரு ஓட்டை. ஒப்பந்தத்தில் கடைசித் திகதி என்று ஒன்று உண்டு. அதற்குள் குடிபுக விடாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் வாங்குபவர் விலகலாம், காசும் திரும்பும். அந்தத் திகதி வரும் மார்ச்சில். பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் கோயில் கலண்டரில் அந்த நாளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மிசிசாகாவுக்கு ஓட்டிப்போய், காரை ஓரமாய் விட்டு, நிமிர்ந்து மாடி எண்ணுகிறான். போன கிழமை நானும் கூடப் போனேன். முப்பத்தோராம் மாடிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஞாயிறும் வேலை செய்யிறாங்கள் அத்தான்" என்றான்.