பொலோன்யாவை விட்டுவிட்டீர்களே

இத்தாலிய இசைக்குழு நடத்துநர் டோஸ்கானினி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1886இல் ரியோ டி ஜெனிரோவில், 19 வயதுச் செல்லோ கலைஞராக இருந்த அவர் திடீரென மேடையேறி 'ஐடா' ஓபராவை மனப்பாடமாக நடத்திய கதையைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் டோஸ்கானினியின் நெஞ்சுரத்தை ஒரே வரியில் கடந்துவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

1931 மே மாதம், இத்தாலியின் பொலோன்யா நகரம். இசையமைப்பாளர் மார்துச்சியின் நினைவுக் கச்சேரிக்கு முன் முசோலினியின் பாசிசக் கட்சிப் பாடலை வாசிக்கச் சொன்னார்கள். முடியாது என்றார். அரங்க வாசலிலேயே முகத்தில் அறைந்தார்கள். அப்போது அவருக்கு வயது 64! கச்சேரி நடக்கவில்லை, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் மசியவில்லை. முசோலினி வீழும்வரை இத்தாலியில் எந்தக் கச்சேரியையும் நடத்தவில்லை. 1933இல் ஹிட்லரே கடிதம் எழுதியும் ஜெர்மனியின் பைராய்ட் ஓபரா விழாவுக்குப் போக மறுத்துவிட்டார். 1936 டிசம்பரில், ஐரோப்பாவில் வேலை பறிக்கப்பட்ட யூதக் கலைஞர்களுக்காக உருவான இசைக்குழுவின் முதல் கச்சேரியை டெல் அவிவில் ஊதியமே வாங்காமல் நடத்திக்கொடுத்தார்.

ஒத்திகைகளில் கலைஞர்களை அவர் வாய்க்கு வந்தபடி ஏசியதை நான் நியாயப்படுத்த மாட்டேன், அது தவறுதான். ஆனாலும் 1946இல், குண்டுவீச்சில் இடிந்து மீண்டும் கட்டப்பட்ட மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கைத் திறந்துவைத்து இசை நடத்த அவரைவிடத் தகுதியானவர் இத்தாலியில் யாரும் இல்லை.