பாரன்கியாவில் பார்க்க ஒண்ணுமில்லையா?

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டுத் துறைமுக ஊரான பாரன்கியாவைப் பற்றி ஊர்சுற்றி வீடியோக்காரர் ஒருத்தர் போட்டிருக்கிற அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்பாதீங்க. முந்தாநாளிலிருந்து 9 பேர் அனுப்பிட்டீங்க, "நீங்க போன ஊராச்சே அண்ணே" என்று. 14 நிமிஷமும் முழுசாகப் பார்த்தேன். ஊர்ப் பெயரை ஒருதரம்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை. தீர்ப்பு மட்டும் தெளிவாக வருகிறது: "பார்க்க ஒண்ணுமே இல்ல மக்களே, வெறும் ஃபேக்டரியும் வெயிலும்தான். நேரா கார்டஹேனா போயிடுங்க."

12 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற ஊரில் ஒண்ணுமே இல்லையாம்.

கார்டஹேனா அழகான ஊர்தான். பழைய கோட்டை, மதில், பூத்தொங்கும் பால்கனி எல்லாம் உண்டு. ரோட்டில் 2 மணி நேரம், தாராளமாகப் போங்க. அதற்காக நடுவில் இருக்கிற ஊரைக் காலால் தள்ளிவிட்டுப் போகணுமா?

நான் அந்த ஊருக்கு 4 தடவை போயிருக்கேன். முதல்தரம் போனபோது சரக்குக் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். மக்தலேனா ஆறு கடலில் விழும் இடத்துக்கு போகாஸ் தே செனிசா என்று பெயர், சாம்பல் முகத்துவாரம் என்று அர்த்தம். தண்ணீர் அந்த நிறத்தில்தான் இருக்கும். நீலக்கடல் ஒரு கோடு போட்ட மாதிரி முடிந்து, அந்தப் பக்கம் பழுப்பு. எங்களுக்கு அது இன்ஜின் ரூமிலேயே தெரியும். கூலிங் தண்ணீர் இழுக்கிற ஸ்ட்ரெயினர் (வடிகட்டி) அடைத்துக்கொண்டே இருக்கும், திறந்தால் கை நிறைய வண்டல். அந்த மலைநாட்டு மண்ணெல்லாம் அன்றைக்கு என் கையில் இருந்தது.

ஒரு காலத்தில் முகத்துவாரத்தில் வண்டல் சேர்ந்த மணல்மேட்டைத் தாண்டிப் பெரிய கப்பல் உள்ளே வரமுடியாது. அதனால்தான் பக்கத்தில் புவெர்த்தோ கொலம்பியா என்கிற ஊரில் கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாகப் பாலம் கட்டி, 1893இல் திறந்து, சரக்கை ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். லெபனான், சிரியாவிலிருந்து பிழைக்க வந்த எத்தனையோ பேர் அந்தப் பாலத்தில் இறங்கி நடந்தவர்கள்தான். பிறகு முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கல்லைக் கொட்டி, ஆற்றையே ஒடுக்கி வேகமாக ஓடவிட்டு, 1936இல் கப்பலை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். இன்னமும் வண்டல் சேரும், இன்னமும் தூர்வாருவார்கள். ஆற்றோடு மல்லுக்கட்டி உண்டாக்கின ஊர். இது பார்க்கிற விஷயம் இல்லையா?

வீடியோவில் பாடகி ஷகீராவின் வெண்கலச் சிலை மட்டும் நன்றாக வந்திருக்கிறது. 6.5 மீட்டர் உயரம், 2023 கடைசியில் ஆற்றங்கரை நடைபாதையில் வைத்தது. அவரும் அந்த ஊர்ப் பொண்ணுதான், அப்பா வழியில் லெபனான் வேர். அந்தச் சிலைக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடுகிறதே, அதில் கப்பல் போகிறதே, கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் என்ன?

"அது ஆபத்தான ஊர், திருட்டு உண்டு" என்பீர்கள். உண்டு. கடைக்காரர்களை மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பலும் உண்டு, அதற்குப் பயந்து கடையை மூடுகிறவர்களும் உண்டு. நான் மறைக்கவில்லை. ஆனால் அதை அனுபவிப்பது அங்கே இருக்கிறவர்கள். இரண்டு நாள் ஏசி ரூமில் இருந்த நமக்கு அதைச் சொல்லி அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

2011 அக்டோபரில் ஷோர் லீவில், அதாவது கப்பலிலிருந்து கரையிறங்க விட்ட நேரத்தில், டவுனுக்குப் போயிருந்தேன். மழை பிடித்தது. கால் மணி நேரத்தில் தெருவே ஆறு. மிகைப்படுத்தவில்லை, கார் மிதந்து போகும். பழைய ஓடைகள்மேல் ரோடு போட்டு, மழைநீர் வடிகால் கட்டாமலே ஊர் வளர்ந்ததால் வந்த வினை. இந்தத் தெருவெள்ளத்தை அர்ரோயோ என்பார்கள். பிறகு பெரிய ஓடைகள் பலவற்றைப் பூமிக்கடியில் விட்டுவிட்டார்கள். அன்றைக்கு நான் விவரம் தெரியாமல் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கப் போனேன். தலையில் தட்டோடு நின்ற ஒரு அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துவிட்டார். மொழி தெரியாது. விடவே இல்லை. இரண்டு நிமிஷத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் முன்னால் உருண்டு போனது.

மழை விடுகிறவரை ஒரு கடை வாசலில் நின்றோம். தட்டிலிருந்து ஒரு உருண்டை கொடுத்தார். சிறுதானியப் பொரி, தேங்காய், வெல்லம், சோம்பு. அதன் பெயர் அலெக்ரியா, மகிழ்ச்சி என்று அர்த்தம். எங்க ஆச்சி பிடித்த உருண்டை மாதிரியே இருந்தது. காசு வாங்கமாட்டேன் என்றார்.

"நாலு நாள் கார்னிவலை விட்டா வேற என்ன?" என்று ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கிறார். 2003இலேயே யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட திருவிழா அது. நீளமூக்கும் பெரிய காதும் வைத்த முகமூடி, உள்பக்கம் வெளியே தெரியப் போட்ட உடுப்பு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆடுகிற மரிமோண்டாவைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய மனிதர்களை இல்லாதவன் கிண்டல் செய்கிற வேஷம். வருஷம் முழுக்க மூட்டை தூக்குகிறவனும் மெஷின் ஓட்டுகிறவனும் இல்லாமல் அந்த நாலு நாள் எங்கிருந்து வரும்?

"அவர் கருத்து, அவர் உரிமை" என்கிறவர்களுக்கு: சரி, உரிமைதான். எனக்கு வலிப்பதும் என் உரிமை. நான் தூத்துக்குடிக்காரன். எங்க அப்பா துறைமுகத்தில் உரமூட்டை இறக்கியவர். அக்கா கல்யாணப் பேச்சில் சம்பந்தி வீட்டார் எங்க வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள், "தூத்துக்குடில பார்க்க என்ன இருக்கு, உப்பும் தூசியும்தானே, திருச்செந்தூர் போற வழி." அப்பா சிரித்துக்கொண்டே தம்ளரை எடுத்து உள்ளே வைத்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு ஊரில் பார்க்க ஒண்ணுமில்லை என்று சொன்னால், அங்கே உழைக்கிறவன் ஒண்ணுமில்லை என்றுதான் அவன் காதில் விழும்.

வீடியோ கீழே 2,000 லைக் வாங்கின கமெண்ட்: "நல்லவேளை சொன்னீங்க ப்ரோ, லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன்."

தூக்கின தம்பி, ஒன்றே ஒன்று செய்யுங்க. அந்த வீடியோக்காரர் லாஸ் ஃபுளோரெஸ் பகுதியிலிருந்து குட்டி ரயிலில் முகத்துவாரத்து அலைத்தடுப்புக் கல்மேல் போகிறாரே, "ரொம்பக் குலுக்குது, ரெண்டு பக்கமும் குடிசைதான்" என்கிறாரே, அந்த இடத்தில் நிறுத்தி மேல் மூலையைப் பாருங்க. கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பறக்கும். குப்பைக் கவர் என்று நினைத்திருப்பீங்க. அது பட்டம். அந்த அலையில் தூண்டில் வீசினால் கல்லிலேயே சிக்கும், அதனால் பட்டத்தில் கட்டிக் காற்றில் விட்டு, ஆழத்துக்கு மேலே கொண்டுபோய்த் தூண்டிலை இறக்குகிறார்கள். நூலைப் பிடித்துக்கொண்டு கீழே ஒரு ஆள் கல்மேல் வெறுங்காலோடு நிற்கிறார், பாருங்க.