வட்டத்துக்கு வெளியே இருந்த நான்கு பேர்

ஐந்து பேர் சேர்ந்து எடுத்த ஒரு படம். அதில் ஒருவருடைய முகம் மட்டும் வட்டத்துக்குள் வர வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படத்தின் மேல் வட்டம் வரைந்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து கிளிப் போட்டேன், அதாவது வட்டத்துக்குள் இருப்பது மட்டும் தெரியும்படி செய்தேன். அழகாக வந்தது. வாங்குபவரும் திறந்து திருத்தக்கூடிய எஸ்விஜி என்ற வரைகலைக் கோப்பாகவே அனுப்பிவிட்டேன். வாங்கியவர் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று கிளிப்பை விடுவித்திருக்கிறார். ஐந்து பேரும் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர், தன் படம் எங்கேயும் போகக்கூடாது என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தவர். அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு நாள் முழுக்கத் தைரியம் வரவில்லை.

கிளிப், அதைப் போலவே படத்தை மறைக்கப் பயன்படும் மாஸ்க் இரண்டுமே படத்தில் ஒரு புள்ளியைக்கூட அழிப்பதில்லை. நமக்குத் தெரிகிற பகுதியை மட்டும் அவை தீர்மானிக்கின்றன. வேறு வரைகலை மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டரின் கிளிப்பிங் மாஸ்க்கும் கோரல் டிராவின் பவர்கிளிப்பும் இதே வழிதான். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. முகம் கொஞ்சம் இடது பக்கம் நகரட்டும் என்று நாளை யாராவது கேட்டால், உள்ளே இருக்கும் படத்தை நகர்த்தினால் போதும். அழிப்பானால் தேய்த்திருந்தால் அது நடக்காது. என் வருத்தமெல்லாம் சொல்லித்தருகிற முறையில்தான். ‘படத்தை வட்டமாக வெட்டுவது எப்படி’ என்றே ஆரம்பிக்கிறார்கள். வெட்டுவது என்ற சொல்லைக் கேட்ட மனசு, மிச்சம் போய்விட்டது என்று நம்பிவிடுகிறது. நானும் நம்பினேன்.

கிளிப்புக்கும் மாஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். கிளிப் பார்ப்பது உருவத்தை மட்டும். மேலே இருக்கும் வடிவத்துக்கு என்ன நிறம் கொடுத்தாலும், எவ்வளவு தடிமனாகக் கோடு போட்டாலும் அதற்குக் கவலையில்லை. தடித்த கோட்டின் வடிவிலேயே படம் தெரிய வேண்டுமென்றால் முதலில் அந்தக் கோட்டைப் பாதையாக, அதாவது அதன் ஓரங்களைச் சுற்றிய தனி உருவமாக, மாற்றியாக வேண்டும்.

மாஸ்க் பார்ப்பது வெளிச்சத்தை. வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பலில் பாதி தெரியும். ஓரம் மெல்ல மங்கிப் போக வேண்டுமென்றால் இதுதான் வழி. எஸ்விஜி முறையில் வெளிச்சக் கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 தான். அதனால் அடர்த்தியான நீலத்தில் மாஸ்க் போட்டால் படம் கிட்டத்தட்டக் காணாமலே போகும். அந்த வெளிச்சத்தோடு அந்த இடத்தின் ஒளிபுகாத் தன்மையும் பெருக்கப்படுகிறது. கற்றுக்கொள்பவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. இங்க்ஸ்கேப்பில் கறுப்பு வடிவத்துக்கு கிரேடியன்ட், அதாவது மெல்ல மாறும் நிறம், கொடுத்தால், அது கறுப்பிலிருந்து வெறுமைக்குப் போகும். கறுப்பும் மறைக்கும், வெறுமையும் மறைக்கும். படம் முழுக்கப் போய்விடும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். கறுப்பை வெள்ளையாக்கினால் போதும், சரியாகிவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம் கிடைக்காமல் மாஸ்க்கே வேண்டாம் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் வேலை செய்யும் கோப்பு என்னிடமே இருக்கும், மாஸ்க்கோடு, முழுப் படத்தோடு. வெளியே போவதற்குத் தனி நகல். பிஎன்ஜி என்ற சாதாரணப் படக் கோப்பு போதுமென்றால் அதுவே நல்லது. எஸ்விஜி தான் வேண்டும் என்றால், கிளிப் போட்ட படத்தைப் பிட்மேப் நகலாக, அதாவது தெரிகிற புள்ளிகள் மட்டும் உள்ள படமாக, மாற்றி, மூலத்தை அழித்துவிட்டு அனுப்புகிறேன். கோப்பின் எடையும் குறைகிறது. உள்ளே பதித்த படம் எஸ்விஜியில் எழுத்தாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். தெரியாத பகுதிக்கும் சேர்த்துத்தான் அந்தச் சுமை.

அந்த வட்டத்தையும் இப்படி மாற்றி மறுபடி அனுப்பினேன். பழைய கோப்பை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். தன் படம் எங்கேயும் போகக்கூடாது என்று சொன்னவரிடம் அதையும் போய்ச் சொன்னேன்.